அப்பாவின் விரலுக்கு எடுபடாத போன்

தம்பி,

முதலில் என்னை மன்னித்துக்கொள். கையில் இவ்வளவு பெரிய போனை அனுப்பிவைத்த பிறகும் அம்மா தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். போனில் ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் கூச்சம் உனக்குத் தெரியும். வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் வாய் திறக்கிற நான், பெரியவர்களுக்கு முன்னால் இன்றைக்கும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறவள்தான். அதோடு, நம் பக்கம் கோயில் பாறையில் ஏறி நின்றால்தான் சிக்னல் பிடிக்கிறது. அங்கே எந்நேரமும் யாராவது நிற்கிறார்கள். ஒருத்தி குவைத்திலிருக்கும் தங்கச்சிக்குப் பிள்ளைகளின் சேட்டையைச் சொல்லிக்கொண்டிருப்பாள், ஒருவர் லொறிக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். நான் உன்னிடம் பேசுவது, நான் பாறையிலிருந்து இறங்கி வருவதற்கு முன்பே நம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிடும். இது அப்படி வந்து சேரக்கூடாத பேச்சு. அதனால்தான் எழுதுகிறேன். முதலில் உனக்கு அனுப்புகிறேன். உன் கல்யாணம் முடிந்த பிறகு, எங்கள் பகுதி ஆசிரியர்கள் நடத்தும் சிறு சஞ்சிகைக்குக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறேன். உன் பெயர் இதில் இல்லை, என் பெயரும் நம் தேயிலைத் தோட்டத்தின் பெயரும் இல்லை. மஸ்கெலியாவிலிருந்து வலப்பனை வரைக்கும் எத்தனையோ தாய்மார் தங்கள் மகனின் பெயரைப் போட்டு வாசித்துக்கொள்ளலாம்.

நீ அனுப்பிய போன் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டதை ஹட்டனில் போய் வாங்கி, மஸ்கெலியா பஸ்ஸில் மடியில் வைத்து, மேலே குடையைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு கொண்டுவந்தேன். அப்பா வேலை முடிந்து வந்ததும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு, பீலித் தண்ணியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார். பக்கத்துக் காம்பராவிலிருந்து ராக்காயி அக்காவும் கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றுவிட்டார். பெட்டியைத் திறந்தபோது அக்காதான் முதலில் வாய் திறந்தார். "ஏன் டீச்சர், இத எங்குட்டு அமுக்குறது? ஒரு பட்டனக்கூடக் காணோமே!" தொட்டாலே போதுமாம் என்று நான் சொன்னேன். அப்பா, தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி ஒற்றை விரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் இல்லை. விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். வெளிச்சம் அணைந்துபோனது. "இந்தக் கண்ணாடிக்கு என்னையக் கண்டா வெக்கம் போலருக்கு. மூஞ்சிய மூடிக்கிருது" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, ஒங்க வெரலு கவ்வாத்துக் கத்திக்குன்னே வளந்த வெரலு. இது கொழும்பு வெரலக் கேக்குது!" என்று சொல்லிவிட்டு, தன் விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தார். அதற்கும் திறக்கவில்லை. கொழுந்து பறித்துப் பறித்து, பாளம்பாளமாக வெடித்து, கறை ஏறின விரல் அது. "அட, இதுவும் ஆகாதாமே" என்றார்.

பிறகு நான் தொட்டேன். உடனே திறந்துகொண்டது. சோக்குக்கட்டி பிடிக்கிற விரல் இல்லையா. யாரும் சிரிக்கவில்லை. "டீச்சருக்குத்தான் தொறக்குது" என்று சொல்லிவிட்டு அக்கா கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். நான் கோயில் பாறைக்கு ஏறிப்போய் உனக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். நீ சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "அப்பாவோட தோல் காய்ச்சிருக்கும்மா, அதான் எடுக்கல. அந்த மாதிரி கைக்கு இந்த ஸ்க்ரீன் வேல செய்யாது. நீங்க தொட்டுக் குடுங்க, அப்பா பேசட்டும்." ஒரு கடைக்காரன் வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி, பொறுமையாக, ஒரு குறையும் இல்லாமல் சொன்னாய். அந்த மாதிரி கைக்கு வேலை செய்யாது என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தம்பி.

இரண்டு தீபாவளிக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பற்றிச் சொன்னாயே, அதை நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். "கடைக்கு வர்றவங்ககிட்ட மொதல்ல வெலயச் சொல்லக்கூடாதும்மா. எது புதுசுன்னும் சொல்லக்கூடாது. ஒங்களுக்கு எதுக்குங்க போன்னு கேக்கணும். யாரோட பேசுவீங்க, எங்க நின்னு பேசுவீங்க, கண்ணு நல்லாத் தெரியுமா, கரண்டு ஒழுங்கா இருக்கான்னு கேக்கணும். கேட்டுட்டு ஒண்ண எடுத்துக் குடுத்தா மனுசன் திரும்பி நம்மகிட்டத்தான் வருவான்." காது மந்தமான ஒரு பெரியவருக்கு, மணி அடிக்கும்போது கையில் அதிர்வு நன்றாகத் தெரிகிற போனைத் தேடி எடுத்துக் கொடுத்ததையும், அவர் உன் தோளைத் தட்டிவிட்டுப் போனதையும் சொன்னாய். அன்றைக்கு உன் அப்பா அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பய மனுசனப் படிச்சுட்டான்" என்றார். நான் வாங்கின பட்டத்தை விட எனக்கு அது பெரிதாகத் தோன்றியது. யாரோ ஒரு பெரியவரின் காதைக் கேட்டு அறிந்துகொண்ட நீ, உன் அப்பாவின் விரலைக் கேட்காமலே ஒரு போனைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறாய்.

இந்த வீட்டுக்குப் போன் என்றால் என்ன என்பதை உனக்குச் சொல்லவேண்டும். நீ பிறந்து வளர்ந்த தொண்ணூறுகளில் தோட்டத்துக்கு இருந்தது ஒரேயொரு போன். அது ஒபிஸில், கிளாக்கரையாவின் மேசையில் இருந்தது. யாராவது செத்தால் அதற்கு வேலை உண்டு. மற்றபடி நாம் அதன் மணியைத் தூரத்திலிருந்து கேட்டவர்கள்தான். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்று, பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்து, நீ தூங்கிய பிறகு குப்பி விளக்கில் படித்து, நான் வெளிவாரிப் பட்டப் பரீட்சை எழுதினேன். முடிவு வந்த அன்றைக்கே கண்டியிலிருந்து என்னோடு படித்த பிள்ளை ஒபிஸுக்குக் கோல் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கிளாக்கரையா அதை எங்களுக்குச் சொல்லவில்லை. சம்பள நாளில் அப்பா வரிசையில் நின்றபோதுதான், "ஒம் பொண்டாட்டி என்னமோ பாஸாம்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பாவுக்கு என்ன பாஸ் என்றும் தெரியவில்லை, எப்போது வந்த செய்தி என்றும் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் பட்டம் என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தி, யாரோ ஒருவருடைய மேசையில் கேட்பாரில்லாமல் கிடந்துவிட்டு வந்தது. அன்றைக்கு அப்பா சொன்னார், "நமக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா அது நேரா நம்ம காதுக்குல்ல வந்திருக்கும்."

நீ ஹட்டனில் விடுதியில் நின்று படித்த காலத்தில் உனக்கு வந்த கடிதங்கள் நினைவிருக்கிறதா? 'அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது' என்று தொடங்கும். அப்பா எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா சொன்னதையும் நான் எழுதவில்லை என்பது தெரியாது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, "நல்லா இருக்கானான்னு கேளு. குளுருக்குக் கம்பளி போத்துறானான்னு கேளு" என்பார். அவ்வளவுதான். நான் படித்தவள் இல்லையா, அதை இழுத்து, அழகுபடுத்தி, கல்வியின் பெருமையெல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் எழுதுவேன். வாசித்துக் காட்டினால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "நான் இவ்வளவு நல்லாவா பேசுறேன்?" என்று கேட்பார். நீ அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு உன் நண்பர்களுக்குக் காட்டியதாகச் சொன்னாய். நீ காட்டிய அப்பா நான் செய்த அப்பா. அப்போதே அதைத் தொடங்கி வைத்தவள் நான்தானோ என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு நீ கொழும்புக்குப் போனாய். நாங்கள் போன் வாங்க ஹட்டனுக்குப் போனோம். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்ததும் கெமரா உள்ளதை எடுத்து நீட்டினான். "டீச்சர்மாருக்கு இதுதாங்க எடுப்பா இருக்கும்" என்றான். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அதையே வாங்கியிருப்பேன். அப்பாதான் குறுக்கே புகுந்தார். "தம்பி, டோர்ச் உள்ளது இருக்கா?" பையன் சிரித்தான். "டோர்ச் வேணும்னா டோர்ச் வாங்குங்கய்யா." அப்பா விடவில்லை. "பாதையில சிறுத்த நிக்குதான்னு பாக்கவும் வேணும், மகனோட பேசவும் வேணும். ரெண்டுக்கும் ரெண்டு கை வேணுமா?" கடைசியில் பையன் ஒரு சின்னப் போனை எடுத்து வைத்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களைத் தடவிப் பார்த்தார். வெளியே பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் கொண்டுபோய் மணி அடிக்கச் சொல்லிக் கேட்டார். ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை நாளைக்கு நிற்கும், மழையில் நனைந்தால் செத்துப்போகுமா, கல்லில் விழுந்தால் பிழைக்குமா என்று கேட்டார். எழுத்துத் தெரியாத மனிதர், தனக்கு என்ன வேண்டும் என்பதை அவ்வளவு துப்புரவாகக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாழ்க்கையில் அவரிடம் யாரும் உனக்கு எது வேண்டும் என்று கேட்டதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, போகச் சொன்ன மலைக்குப் போனவர். அந்தக் கடையில்தான் அவர் முதன்முதலாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் போனில் இரண்டாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் உனக்கு வந்து விழுகிற மாதிரி செய்து கொடுத்தவன் நீதான். அதை நான் மறக்கவில்லை. வீட்டில் சிக்னல் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை. அப்பா வேலை செய்கிற மலை, நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையைப் பார்த்து நிற்பதால் அங்கே மட்டும் வேலை நேரத்திலும் தெளிவாக எடுத்தது. அதனால் போன் அவரோடுதான் மலைக்குப் போகும். முதல்நாள் அவர் உனக்குத் தானாகவே கோல் எடுத்ததை நீயே எனக்குச் சொல்லிச் சிரித்தாய். "கவ்வாத்து மலையில நிக்கிறேன். காத்து அடிக்குது. கேக்குதா?" என்றாராம். என்னப்பா விசேஷம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்" என்று வைத்துவிட்டாராம். அது சாதாரண விஷயம் என்று நினைத்துவிடாதே. நான் இடையில் இல்லாமல், கடிதம் இல்லாமல், கிளாக்கர் இல்லாமல், அவர் தன் சொந்த வாயால் தன் மகனோடு பேசினார். அதன் பிறகு நான் அவருக்காக ஒரு வரியும் எழுதவேண்டி வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

எப்போது மாறினாய் என்று நான் தேடிப் பார்த்தேன். ஒரு நாளில் நடந்தது இல்லை. முதலில், கடை நேரத்தில் எடுக்கவேண்டாம் என்றாய். அது நியாயம். பிறகு, மிஸ்கோல் மட்டும் கொடுங்க, நான் எடுக்கிறேன் என்றாய். அப்பா மிஸ்கோல் கொடுத்துவிட்டு, மழைத்தொப்பிக்குள் போனை வைத்துக்கொண்டு பாறையில் காத்து நிற்பார். சில நாள் எடுத்தாய். பிறகு கிளை மனேஜர் ஆனாய். அதற்குப் பிறகு, நீ கட்டப்போகிற பிள்ளையைப் பற்றிச் சொன்னாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் வீடு, படித்த குடும்பம். எங்களுக்குச் சந்தோஷம்தான். பேச்சுவார்த்தை தொடங்கியதும் நீ சொன்னாய், "அம்மா, அவங்க வீட்டுல பேசுனா நீங்களே பேசுங்க. நீங்க பட்டதாரி. ஒங்க தமிழ் நல்லாருக்கும். அப்பா வேணாம்." அப்பா அப்போது எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சின்னப் போனில் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்பதற்காகத்தானே அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அவர் அதற்கும் கோபப்படவில்லை. "சரிதான். எனக்கு என்ன பேசத் தெரியும்" என்றார். பிறகு அந்த நாள் வந்தது. எப்போதும் சாயந்தரத்தில் நேரம் சொல்லிப் பேசுகிற அந்தப் பிள்ளையின் அம்மா, நம் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதற்காகப் பகலில் கோல் எடுத்துவிட்டார். போன் அப்பாவிடம் மலையில் இருக்கிறது. மணி அடித்தால் நீ என்று நினைத்து எடுத்திருக்கிறார். "ஆர் கதைக்கிறது? டீச்சர் நிக்கிறாவோ?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. "டீச்சர் பள்ளிக்கூடம் போயிருக்காங்கம்மா" என்றிருக்கிறார் அப்பா. "அப்ப ஐயா? ஐயாவும் ஒபிசுக்குப் போட்டாரோ?" அப்பாவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. எந்த ஐயா, எந்த ஒபிஸ் என்று. பிறகு, நீ அங்கே அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாய் என்று விளங்கியிருக்கிறது. "ஆமாங்கம்மா, ஐயா ஒபிசுக்குப் போயிருக்காரு" என்றாராம். "நீங்கள் அங்க வேலைக்கு நிக்கிற ஆளோ?" என்று அவர் கேட்க, "ஆமாங்கம்மா, வேலக்கி நிக்கிற ஆளுதான். டீச்சர் வந்தா சொல்றேங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதை வீட்டுக்கு வந்து அவர் ஒரு வேடிக்கைக் கதை மாதிரிதான் சொன்னார். "நான் ஒபிசுல உத்தியோகம் பாக்குறேன்னு அந்தம்மா சொல்லித்தான் எனக்கே தெரிய வந்துச்சு. சம்பளம் எவ்வளவுன்னு கேக்காம விட்டுட்டேன், டீச்சரம்மா." நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். சாயந்தரம் பாறைக்குப் போய் நான் அந்த அம்மாவுக்குத் திருப்பி எடுத்தேன். அவர் நல்ல மனுஷி, தம்பி. அன்பாகத்தான் பேசினார். பேச்சு முடிகிற நேரத்தில், "உங்கட வீட்டில நிக்கிற அந்த ஆள் நல்ல மரியாதையான மனுசன் டீச்சர். இந்தக் காலத்தில அப்பிடி ஆள் கிடைக்கிறது கஷ்டம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் என் புருஷன் என்று சொல்ல எனக்கு மூன்று சொல் போதும். என் கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம், உன் கல்யாணம் கெட்டுப்போகும் என்ற பயம் என்றும் சொல்லலாம். என் பக்கத்தில் நின்றவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வரும்போது டோர்ச்சைப் போட்டு எனக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவர் உனக்குக் கோல் எடுத்து, "பொம்பளவூட்டுக்காரங்க பேசுனாங்கப்பா. நீ பயப்படாத, நான் சமாளிச்சுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். என்ன சொல்லிச் சமாளித்தார் என்பதையும் சொல்லியிருக்கிறார். நீ என்ன சொன்னாய் என்று நான் அவரிடம் கேட்டேன். "தேங்ஸ்னு சொன்னான்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் இந்தப் போன் வந்தது. புது நம்பரோடு வந்தது. "இத நீங்களே வச்சுக்குங்கம்மா, பழைய நம்பர விட்டுருங்க, அவங்களுக்கும் புது நம்பரத்தான் குடுத்திருக்கேன்" என்றாய். அப்பா தொட்டால் திறக்காத போன். என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பகல் முழுக்கச் சிக்னல் இல்லாமல் கிடக்கிற போன். யார் எப்போது எடுத்தாலும் என் குரல் மட்டும் கேட்கிற போன். நீ இதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. உயர்ந்த சாமான் ஒன்றை அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையும் உனக்கு இருந்திருக்கும். ஆனால் நீதானே சொன்னாய், எதற்குப் போன் என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று. நான் இந்தப் போனை மேசையில் வைத்து, உன் கடையில் நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். அப்பாவின் தேவைக்கு இது பொருந்தவில்லை. என் தேவைக்கும் பொருந்தவில்லை. நம் மூன்று பேரில் ஒருவருடைய தேவைக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது.

உன்னை வெட்கப்படுத்த எழுதவில்லை. கொழும்பில் தோட்டக்காட்டான் என்ற சொல்லை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டிருக்கிறேன். முதல் நியமனத்தில், ஆசிரியர் அறையில் எனக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தார்கள். அதில் பல காலம் தேத்தண்ணி குடித்தவள்தான் நான். அதனால் நீ ஒரு கதவை மூடிவைத்தது ஏன் என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர், ராத்திரி பகல் பார்க்காமல் உன்னை முதுகில் சுமந்து டிஸ்பென்சரிக்கு ஓடியவர். நீ உயர்தரம் படிக்கவேண்டும் என்பதற்காக மழைநாளிலும் வேலைக்குப் பெயர் கொடுத்தவர். நீ யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கட்டினாலும் யாரைக் கட்டினாலும், உன் பிள்ளையின் மூக்கு அவருடைய மூக்காகத்தான் இருக்கும். அதை எந்த நம்பரை மாற்றி மறைப்பாய்?

இனி நீ கல்யாணம் செய்து உன் வீட்டுக்கு எது வாங்கினாலும், போனோ, கட்டிலோ, வீடோ, அதைத் தொடப்போகிற எல்லாக் கைகளையும் ஒருமுறை நினைத்துப் பார். அந்தப் பிள்ளையிடமும் கேள், அவளாகச் சொல்லட்டும். உன் தொழிலில் நீ கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடையில் கேட்கிற கேள்வியை வீட்டிலும் கேட்டால் போதும். புதுப் போனை நான் திருப்பி அனுப்பவில்லை. அது உன் உழைப்பு. பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

ஒன்றை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். கேட்பதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். அப்பாவுக்கு நான் இதைக் கேட்கப்போவது தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்துக்கு வேட்டியும் சட்டையும் வாங்கிவந்தோம். கட்டிப் பார்த்துவிட்டு அப்பா என்னிடம் சொன்னார், "மண்டபத்துல எனக்குத் தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லிரு, டீச்சரம்மா. நான் வாயத் தொறக்காம கும்புட்டுட்டு உக்காந்துக்கிறேன்." ஏன் என்று கேட்டேன். "அந்தம்மா என் கொரலக் கேட்டிருக்காங்கல்ல. கண்டுபுடிச்சுருவாங்க" என்றார். சொல்லிவிட்டு வேட்டியை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தார்.

தம்பி, கல்யாணத்துக்கு முன்னால் நீ அந்த அம்மாவின் வீட்டுக்குப் போ. போனில் வேண்டாம், நேரில் போ. அன்றைக்குப் பகலில் உங்களோடு பேசியவர் வேலைக்கு நின்ற ஆள் இல்லை, அவர்தான் என் அப்பா என்று உன் வாயால் சொல். அதன் பிறகு அவர்கள் எதை நினைத்தாலும் நினைக்கட்டும். மகனின் கல்யாணத்தில் வந்தவர்களை 'வாங்க' என்று கூப்பிட அந்த மனிதரை விடு.

அம்மா